எண்பத்து மூன்றில் ஏழு

உவரி
28.10.2024, திங்கள்

அன்புள்ள விண்ணரசி சித்திக்கு,

இயேசுவுக்குப் புகழ். ஆன்லின் எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் நீங்களும் எபி சித்தப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் அது பொய்.

நீங்கள் வேறு சபைக்காரரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அம்மா உங்கள் பெயரை இந்த வீட்டில் எடுக்க விடுவதில்லை. நேற்று என் போனையும் அக்கா போனையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதனால்தான் கடிதம். எல்லோரும் படுத்தபின் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலை எங்கள் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். திசையன்விளையில் என்னோடு பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அஸ்ஃபியாவின் விலாசம் கீழே இருக்கிறது.

ரெனிஷா அக்காவுக்கும் ரெக்சன் அத்தானுக்கும் நவம்பர் பதினெட்டில் கல்யாணம் என்று உங்களுக்குத் தெரியும். இருபதாம் தேதி கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். நேற்று இரண்டாம் ஓலை. சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். அக்கா பெயர் வரவில்லை. முன் பெஞ்சுகளில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கேட்கிறார்கள். அந்தத் தடை என்னவென்று எங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ரெக்சன் அத்தானின் அம்மாவே (நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம்) சொன்னார்.

"லூர்து, பிள்ளைக்கு ரத்தத்துல வியாதின்னு முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"என்ன வியாதி? யாரு சொன்னா?" என்றாள் அம்மா.

"ஆஸ்பத்திரியில இருந்தே போன் வந்துட்டு. இனி யாரு சொல்லணுங்க?"

செப்டம்பர் கடைசி ஞாயிறு பங்கு மண்டபத்தில் ரத்ததான முகாம் நடந்தது. எண்பத்து மூன்று பேர் கொடுத்தார்கள். நடத்தியது ரெக்சன் அத்தானின் அண்ணன் கிளமென்ட். "எங்க வீட்டுக்கு வரப்போற பிள்ளை முதல்ல படுக்கட்டும்" என்று அவர்கள் அம்மா சொன்னதால் முதல் தாளில் அக்கா பெயர். எல்லோருடைய தாளையும் முந்தின நாளே கிளமென்ட் அண்ணன் நிரப்பியிருந்தார். போன் நம்பர் கேட்ட இடத்தில் எண்பத்து மூன்று தாளிலும் தன் நம்பரையே போட்டுவிட்டார். ஆளாளுக்கு நம்பர் தேடிக்கொண்டிருக்க முடியாதாம். அதனால் அக்காவுக்கு வர வேண்டிய போன் அவருக்குப் போனது. ஹெபடைட்டிஸ் பி சம்பந்தமான சோதனையில் ரியாக்டிவ் என்று வந்திருக்கிறது, மறுபடி பார்க்க வர வேண்டும் என்று சொன்னார்களாம். அவர் தன் அம்மாவிடம் சொன்னார். அவர் அம்மா ஊரிடம் சொன்னார். அக்காவிடம் ஒருவரும் சொல்லவில்லை.

நீங்கள் ரத்த மையத்தில் வேலை செய்கிறீர்கள். இது என்ன வியாதி? தொட்டால் ஒட்டுமா? செத்துப்போவார்களா? சீக்கிரம் எழுதுங்கள்.

அன்புள்ள,
ஆன்லின்


பாளையங்கோட்டை
2.11.2024

அன்புள்ள ஆன்லின்,

உனக்கும் ரெனிஷாவுக்கும் சித்தியின் முத்தங்கள். சித்தப்பா நன்றாக இருக்கிறார். எனக்கு உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து தலை கொதிக்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்படி ஒரு முடிவு வந்தால் ரத்தம் கொடுத்தவரை மட்டும் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுவோம். கட்டினவனுக்குக்கூட நாங்களாகச் சொல்லமாட்டோம். போனில் பேசிய ஆள், எதிரே பேசுவது பெண்ணா ஆணா என்றுகூடவா கவனிக்கவில்லை? "நான் ரெனிஷா இல்லை" என்று சொல்ல அந்தக் கிளமென்டுக்கு வாய் இல்லையா? ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய செய்தியை மீன் விலைபோலக் கேட்டு வைத்துக்கொண்டு ஊரில் விற்றிருக்கிறான்.

நீ கேட்டதற்குப் பதில். அது ஈரலைத் தாக்கும் ஒரு கிருமி. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. ரியாக்டிவ் என்பது தீர்ப்பு இல்லை. மறுபடி பார்க்க வா என்பதுதான் அதன் அர்த்தம். ரெனிஷாவை என்னிடம் அனுப்பு.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஏப்ரலில் ரெனிஷா உன் அம்மாவுக்குத் தெரியாமல் என்னைப் பார்க்க வந்தபோது அவளுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒன்பது கிராம்தான் இருந்தது. நான் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, நிறுத்திவிட்டேன் என்று ஆகஸ்டில் போனில் சொன்னாள். பன்னிரண்டரை இல்லாமல் எந்த முகாமிலும் எடுக்கமாட்டார்கள். விரலில் குத்திப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவளிடம் எப்படி எடுத்தார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள். அடுப்படியில் இருட்டில் எழுதாதே, கண் போகும்.

சித்தி விண்ணரசி


உவரி
6.11.2024

அன்புள்ள சித்திக்கு,

மாதாவின் ஆசி உங்களுக்கு இருக்கட்டும். உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. உங்களுக்குத் தலை கொதிப்பது குறைந்ததா? எனக்குக் குறையவில்லை.

சனிக்கிழமை கல்லறைத் திருநாள். எல்லோரும் மெழுகுதிரி கொளுத்தப் போனோம். எங்கள் தாத்தா கல்லறைக்கு இரண்டு பக்கமும் வழக்கமாக இடமே இருக்காது, நெருக்கியடித்து நிற்பார்கள். இந்த வருடம் நாங்கள் நால்வரும் விரித்துப் போட்ட பாய்போல அத்தனை இடத்தில் நின்றோம். அக்கா கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கப் பக்கத்துக் கல்லறைக்காரர்கள் கை நீட்டவில்லை. காற்றில் அவர்கள் திரி அணைந்தும் கேட்கவில்லை.

அக்கா வேலை பார்க்கும் மழலையர் பள்ளியில் "கொஞ்ச நாள் லீவு போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அக்காவின் தட்டையும் தம்ளரையும் தனியாகக் கழுவுகிறாள். ஒட்டாது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள் என்பதால் என்னால் சொல்லவும் முடியவில்லை. அப்பா பேசுவதில்லை. கடலுக்குப் போகிறார், வருகிறார், படுக்கிறார்.

ஒரு பேச்சைக் கேளுங்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி சொன்னாள்: "எங்கிருந்து வந்திருக்கும்னு அவளுக்கே தெரியும். திசையன்விளைக்குத் தினம் போயிட்டு வந்தவதானே." அக்கா டீச்சர் ட்ரெயினிங்குக்குப் போய் வந்ததைச் சொல்கிறாள். என் கையில் குடம் இருந்தது. அவள் தலையில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

பள்ளிக்கூடத்தில் அஸ்ஃபியாவும் சண்டை பிடிக்கிறாள். "ஏட்டி, என் பாட்டில்ல குடிக்காம ஏன் குழாய்க்கு ஓடுத? எங்க வாப்பா கடை சர்பத்துன்னா மட்டும் இனிக்கும், எங்க வீட்டுத் தண்ணி கசக்கோ?" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன்.

இன்னொரு சந்தேகம். ரத்தம் கொடுத்து, அதில் இந்தக் கிருமி இருந்தால், கொடுத்தவர் எத்தனை வருடம் உயிரோடு இருப்பார்? கண் மஞ்சளாக எத்தனை நாள் ஆகும்? அக்காவுக்காகக் கேட்கிறேன்.

ஆன்லின்


பாளையங்கோட்டை
9.11.2024

அன்புள்ள ஆன்லின்,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று நிஜமாகவே கேட்கிறேன்.

கொடுத்தவர் சாகமாட்டார். நிறையப் பேருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கண்ணாடியில் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்காதே.

என் கேள்வி ஒன்றுதான். அதை மட்டும் விட்டுவிட்டுக் குடம், தீப்பெட்டி, குழாயடி எல்லாம் எழுதியிருக்கிறாய். அஸ்ஃபியாவின் பாட்டிலில் நீ ஏன் வாய் வைப்பதில்லை, ஆன்லின்?

விண்ணரசி


உவரி
14.11.2024

அன்புள்ள சித்திக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு நாள் எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை.

அது என் ரத்தம்.

அன்று மண்டப வாசலில் கிளமென்ட் அண்ணன் எல்லோர் முன்பும் அக்காவை எடை பார்த்து, தாளைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார். பெண்களுக்குத் தனி அறை. முதல் ஆள் என்பதால் ஊர்க்காரர்கள் யாரும் அங்கே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு நர்ஸ் மட்டும் கட்டிலில் துணி விரித்துக்கொண்டிருந்தார். நான் துணைக்குப் போனவள். அக்கா கதவு மறைவில் நின்று தாளை என் கையில் திணித்தாள்.

"ஏட்டி, விரல்ல குத்துனா எனக்கு ரத்தம் பத்தலன்னு திருப்பிருவாங்க. வெளிய மாமி நிக்கி. ஏற்கெனவே வெளிறிப்போன பிள்ளன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. நீ போய்ப் படு. பத்து நிமிசம்தான்."

"எனக்குப் பதினேழுதான்க்கா ஆகுது."

"தாள்ல இருபத்து நாலு போட்டிருக்குல்லா. போ."

நர்ஸ் தாளைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. முடிந்ததும் என் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்து அக்கா தன் கையில் ஒட்டிக்கொண்டு வெளியே போனாள். மாமி அவளுக்கு ஜூஸ் ஊற்றிக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலை சுற்றியது, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓலை நின்ற அன்று நான் அக்காவிடம் சொன்னேன், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. அவள் என் வாயைப் பொத்தினாள். "எனக்கு இந்த மாப்பிள்ள போனா போறான். நீ பதினேழு வயசுப் பிள்ள. இருபத்து நாலு வயசுக்காரியவே இந்தப் பேச்சுப் பேசுதாங்க, உன்னய என்ன பேசுவாங்க? நீ ஆசப்படுத நர்சிங்ல எவன் சேத்துப்பான்? மூச்சு விடாத. மாதா மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்துவிட்டேன். கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். நான் சொல்லவில்லை. அக்காவுக்குச் செய்த சத்தியத்தால் என்று சொல்லிக்கொள்கிறேன். நிஜத்தில் பயத்தால்தான். அவள் தட்டைப்போல என் தட்டும் தனியாகப் போய்விடுமே என்றுதான்.

எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுதுங்கள்.

ஆன்லின்


உவரி
23.11.2024

சித்திக்கு,

சுகமா என்று இந்த முறை கேட்கவில்லை.

பதினெட்டாம் தேதி வந்தது, போனது. அன்று அக்கா தலைக்குக் குளித்துவிட்டு நாள் முழுக்க வீட்டு ஓடுகளில் ஒட்டடை அடித்தாள். நான் தினம் அஸ்ஃபியா முகத்தைப் பார்த்தேன். தினம் அவள் தலையை ஆட்டினாள், கடிதம் இல்லை என்று. உங்களிடம்தான் முதலில் சொன்னேன். உங்களுக்கும் ஊருக்கும் என்ன வித்தியாசம்? நீங்களும் நகர்ந்து நின்றுவிட்டீர்கள்.

இனி எழுதமாட்டேன்.

ஆன்லின்


பாளையங்கோட்டை
25.11.2024

என் அன்புள்ள ஆன்லின்,

நீ திட்டியதில் தப்பில்லை. பத்து நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால். உன் மேல் இல்லை. எடுத்தவுடன் என் கை ரெனிஷாவைத் திட்டித்தான் எழுதியது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். பிறகு அந்த நர்ஸ் மேல் கோபம். பதினேழு வயதுப் பிள்ளையின் கையில் ஊசி ஏற்றும்போது முகத்தைப் பார்க்காமல் என்ன அவசரம்? கடைசியில் என் மேலேயே வந்தது. ஒன்பது கிராமை அப்படியே விட்டுவிட்டு, மாத்திரை நிறுத்தினேன் என்றதும் "சரி, கீரை சாப்பிடு" என்று போனை வைத்தவள் நான்தான். இதையெல்லாம் நீ காத்திருக்கும்போது யோசித்திருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்.

இப்போது செய்ய வேண்டியது. உன் ரத்தத்தை நான் பார்க்கிறேன், என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். ஆனால் உனக்குப் பதினெட்டு ஆகவில்லை. அப்பா கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரிந்தவள், என் அக்கா மகள் என்று பின் வாசலால் அழைத்துக்கொண்டு போக என்னால் முடியும். செய்யமாட்டேன். ஒருத்தி பெயரில் இன்னொருத்தி ரத்தம் போனதுதான் இத்தனைக்கும் காரணம். இரண்டாம் முறை என் கையால் அது நடக்காது. முகாம் நடத்திய மையத்திடமும் பெயர் தவறு என்று சொல்லியாக வேண்டும். அந்தப் பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும். மத்தியாஸ் அத்தான் கத்துவார். கத்தட்டும். என்னைக் கட்டிக்கொடுக்கமாட்டோம் என்று உன் அம்மா கதவைச் சாத்திய அன்று, பஸ் நிலையம்வரை வந்து என் பெட்டியைத் தூக்கித் தந்தவர் அவர்தான். உன் அம்மாவுக்கு இன்றுவரை அது தெரியாது.

சித்தி


உவரி
2.12.2024

அன்புள்ள சித்திக்கு,

சுகமாக இருங்கள். எழுதமாட்டேன் என்றதை மறந்துவிடுங்கள்.

நேற்று ஞாயிறு, படகுகள் போகவில்லை. அப்பா கரையில் என்ஜினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மண்ணெண்ணெய்த் துணியைப் பிழிந்து கொடுத்துக்கொண்டே சொன்னேன். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை அவர் கை நிற்கவில்லை. முடிந்ததும் நின்றது.

"அப்போ ரெனிஷாவுக்கு?"

"அக்கா ரத்தம் கொடுக்கவே இல்லப்பா."

"ஒரு மாசமா அவ ஏன் சும்மா இருந்தா?"

"எனக்காக."

திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்பானரைத் தூக்கி மணலில் அடித்தார். "ரெண்டு பேரும் சேந்து என்னய மரக்கட்டைன்னு நெனச்சிட்டியளா?" என்று கத்தினார். பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மத்தியாஸ், என்ஜின் கோளாறா?" என்றார். "எனக்குத்தான்வே கோளாறு, உம்ம சோலியப் பாரும்" என்றார் அப்பா.

அப்புறம் என்னிடம் மெதுவாக, "வலிக்கோ மக்கா?" என்று கேட்டார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இல்லை என்றேன்.

சனிக்கிழமை ஏழாம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறோம். அம்மாவிடம் என் பள்ளிக்கூடத்து வேலை என்று சொல்லியிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. முடிவு கெட்டதாக இருந்தால் அப்பா முன்னால் சொல்லாதீர்கள்.

ஆன்லின்


பாளையங்கோட்டை
13.12.2024

அன்புள்ள ஆன்லின்,

அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்லியிருப்பார். ஆனாலும் இது உன் உடம்பு, உன் கையில் எழுத்தாக இருக்கட்டும்.

கிருமி இப்போது உன் ரத்தத்தில் இல்லை. எப்போதோ வந்திருக்கிறது. உன் உடம்பு அதை எதிர்த்து வென்றிருக்கிறது, அந்த எதிர்ப்பு நல்ல அளவில் இருக்கிறது. டாக்டரும் பார்த்துவிட்டார். உன்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. நர்சிங் படிக்கலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். ரத்ததானம் மட்டும் வேண்டாம். பின்னாளில் பெரிய வைத்தியம் ஏதும் செய்தால் இப்படி ஒன்று வந்து போனது என்று டாக்டரிடம் சொல். இவ்வளவுதான், மகளே. இதற்காகத்தான் ஒரு கல்யாணத்தை நிறுத்தினார்கள்.

இப்படி வந்து போனதைக் காட்டும் சோதனையை எல்லா மையங்களும் செய்வதில்லை. அந்த மையம் செய்கிறது. எங்கள் இடத்தில் முன்பு ஓர் ஆய்வுக்காக ஆறு மாதம் வந்தவர்கள் எல்லோருக்கும் செய்தோம். நூறு பேரில் பத்துப் பேருக்கு வந்து போயிருந்தது. கல்லூரி வாத்தியார், லாரி டிரைவர், கல்யாணமாகி ஒரு மாதம் ஆன பெண், எங்களோடு வேலை பார்க்கும் இசக்கிமுருகன். அவன் வைத்திருக்கும் மீசைக்கு நீ பயந்துவிடுவாய். கழிவறைக்குள் போய் அழுதான். ஒருவருக்கும் எங்கிருந்து வந்ததென்று தெரியாது. சிறு வயதில் போட்ட ஒரு ஊசி, காது குத்திய கம்பி, வீட்டில் யாருக்கோ இருந்தது, எதுவும் இருக்கலாம். உன்னிடம் எங்கிருந்து என்று கேட்கிறவளிடம், உனக்கு இல்லை என்று எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேள்.

அப்பாவுக்குப் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை. அம்மாவும் ரெனிஷாவும் வர வேண்டும். ரெனிஷாவுக்கு இரும்புச் சத்துக்கு வேறு மாத்திரை வைத்திருக்கிறேன்.

இப்போது என் தூக்கத்தைக் கெடுப்பது ஒன்று. எண்பத்து மூன்று பேரில் ஒருத்திக்கு மட்டும்தான் இப்படி வந்தது என்றால் நான் நம்பமாட்டேன். ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். எண்பத்து மூன்று தாளிலும் ஒரே போன் நம்பர். மற்ற அழைப்புகள் எங்கே போயின? அவர்களில் ஒருவருக்குக் கிருமி நிஜமாகவே இருந்தால், அவர் மருந்து சாப்பிட வேண்டியவர். அவருக்கே தெரியாது. இதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். யார் யார் என்று மட்டும் நீங்கள் கேட்காதீர்கள். நமக்குச் செய்ததை நாம் யாருக்கும் செய்யக் கூடாது.

சித்தி


உவரி
29.12.2024

அன்புள்ள சித்திக்கும் சித்தப்பாவுக்கும்,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். கேக் வெட்டினீர்களா? எங்கள் வீட்டுக்கு இந்த வருடம் யாரும் பலகாரம் கொண்டு வரவில்லை.

அப்பா கிளமென்ட் அண்ணனை மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். உங்களுக்கு மட்டும் எழுதலாம் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

"கிளமென்ட், எத்தன போன்லே வந்துச்சு?"

"எந்தப் போன் மாமா?"

"ஆஸ்பத்திரி போன்தான். எனக்குப் பேரு வேண்டாம். எத்தனன்னு மட்டும் சொல்லு."

அவர் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தாராம். பிறகு, "ஏழு" என்றாராம்.

"எங்க வீட்டுப் பிள்ளைத இருக்கட்டும். மிச்சம் ஆறு பேருட்ட சொன்னியா?"

"இல்ல மாமா."

"ஏம்லே?"

"கூட்டாளிங்க மாமா. சொன்னா முகாமுக்கு இனி எவனும் வரமாட்டான். அதுல ஒண்ணு நான்."

சித்தி, இதை நினைத்துப் பாருங்கள். ஏழு போன் வந்த மனிதன் ஆறை விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் ஊருக்குச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வரப்போகிற பெண் என்பதால் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லையாம். தன்னுடையதைத் தன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று மாதமாக அவருடைய குழந்தைகளைத் தூக்கவே இல்லையாம், பயத்தில். எனக்கு அதற்காகப் பாவமாக இருக்க வேண்டும். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கோயில் ஒலிபெருக்கியைப் பிடுங்கி ஏழு, ஏழு, ஏழு என்று கத்த வேண்டும்போல இருக்கிறது. நீங்கள் எழுதியதால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

ஐந்து பேரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், நீயும் போக வேண்டும் என்று அப்பா அவரிடம் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் யாருடைய ரத்தம் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அக்கா கெஞ்சினாள், சொல்லக் கூடாது என்று.

ஆன்லின்


உவரி
19.1.2025, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் இருவரும் உடல் நலத்தோடு இருக்கிறீர்களா? அக்கா சுகம். அப்பா சுகம். அம்மா யாரோடும் பேசவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் மாமியும் கிளமென்ட் அண்ணனும் ரெக்சன் அத்தானும் வந்தார்கள். மாமி கை நிறைய மல்லிகைப் பூ. மூன்று மாதம் எங்கள் தெருவில் நடக்காத கால், சொந்த வீட்டுக்கு வருவதுபோல வந்தது. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. அவசரமாக வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். நான் டீ போட்டு எல்லோருக்கும் கொண்டு கொடுத்தேன்.

"நடந்தது நடந்துட்டு லூர்து," என்றார் மாமி. "வீட்டோட இருக்கட்டும், நம்ம கிளமென்ட்டுக்கும் அதேதான் வந்திருக்கு. திருநெல்வேலியில பெரிய டாக்டர் பாத்துட்டு, வந்து போனதுதான், ஒண்ணுமில்லன்னுட்டாரு. அப்போ ரெனிஷாவுக்கும் ஒண்ணுமில்லதான? தவக்காலத்துக்கு முந்தியே முடிச்சிருவோம். மறுபடி ஓலை வாசிக்கச் சாமியார்ட்ட பேசியாச்சு."

அம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள். அக்கா கதவோரம் நின்று தரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்று தேடினேன். கொஞ்சம் இருந்தது, சித்தி. அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கு ஒரு வியாதி இருந்து அதை இவர்கள் மன்னித்து ஏற்றுக்கொண்டதாக, காலமெல்லாம் அந்த வீட்டில் அவள் தலைகுனிந்து நிற்கப்போகிறாளா? நான் கூடத்தின் நடுவில் போய் நின்றேன்.

"மாமி, அது அக்கா ரத்தமில்ல. என் ரத்தம். அக்கா அன்னைக்கு கொடுக்கவே இல்ல."

"ஏட்டி!" என்று அம்மா எழுந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமியின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "மாதாவே! அப்போ ரெனிஷா ரத்தம் சுத்தமா இருக்கா!" என்றார். அடுத்த நிமிடம் தன் கையிலிருந்த டீயைப் பார்த்தார். நான் கொண்டு வந்து கொடுத்த டீ. பாதி குடித்திருந்தார். பைய அதைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தார். அதே கிருமி வந்து போன மூத்த மகன் அவர் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"மாமி, டீ ஆறுது. குடிங்க."

"போதும்மா."

"ஆன்லின் போட்டது. குடிங்க."

"வேண்டாம்னா விடேன்ட்டி."

"காலையில கிளமென்ட் அத்தான் குடிச்ச தம்ளர உங்க வீட்ல யாரு கழுவுனா?"

மாமி மூத்த மகனைத் திரும்பிப் பார்த்தார். கிளமென்ட் அண்ணன் தன் டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க பிள்ளைக்கு வந்தா ஒண்ணுமில்ல. எனக்கு வந்தா ஓலைய நிறுத்தணும். என் தங்கச்சிக்கு வந்தா வாயத் தொடைக்கணும்," என்றாள் அக்கா. அவள் கத்தவில்லை. "எந்திரிங்க மாமி. பூவையும் எடுத்துட்டுப் போங்க."

"பைத்தியமாட்டி உனக்கு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமி கூடத்தில் நின்று சாபமெல்லாம் போட்டார், அதை எழுதவில்லை. எல்லோரும் இறங்கியபின் ரெக்சன் அத்தான் மட்டும் வாசலில் நின்றார்.

"ரெனி, நான் என்ன செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யல," என்றாள் அக்கா. "மூணு மாசமா ஒண்ணும் செய்யல. இப்போ உங்க அம்மா டீய வச்சப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திய."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் வாயைத் திறந்ததால்தான் கூடி வந்த கல்யாணம் கெட்டது என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். அக்காவிடம் கேட்டேன். "உன்னால இல்லட்டி, என்னால. அன்னைக்கே என் விரல நீட்டியிருக்கணும்," என்றாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். இதை எழுதும்போது அவள் தூங்குகிறாள், வாயைத் திறந்து, குறட்டையோடு. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இன்று காலைப் பூசைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நானும் அக்காவும் நடந்து போனபோது குழாயடியில் பேச்சு நின்றது. இந்த முறை அவர்கள் அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. நான் தலையைக் குனியவில்லை. அவர்கள்தான் குடத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

அன்புள்ள,
ஆன்லின்